ஏபி உலக வரலாறு: நீண்ட விடுமுறையில் தயாராவது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 15, 16 வயது மாணவர்கள் பலர் முதன்முதலாக எடுக்கும் பல்கலைக்கழகத் தரப் பாடம் ஏபி உலக வரலாறு. அங்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடை விடுமுறை. பள்ளி திறந்ததும் பாடம் வேகமாக ஓடும், மே மாதம் தேர்வு வந்துவிடும். அதனால் இந்த விடுமுறையில் என்ன படிப்பது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது.

அமெரிக்காவில் குடியேறிய நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடு இது நின்றுவிடுவதில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்கப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் அனைத்துலகப் பள்ளிகளில் ஏபி பாடங்கள் உண்டு. எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், எஸ்டிபிஎம் அல்லது ஏ நிலையில் வரலாறு எடுக்க நினைப்பவர்கள் ஆகியோருக்கும் இதே தயாரிப்பு முறை பயன்படும். மூன்றுமே மனப்பாடத்தைத் தாண்டி, சான்றை எடைபோட்டு வாதம் எழுதும் திறனைக் கேட்பவை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பால்மரக் காட்டுக்கு வந்த நம் பாட்டன் பூட்டன் கதை இந்தப் பாடத்திட்டத்துக்கு உள்ளேயே வருகிறது.

பாடம் எதைப் பற்றியது?

ஏபி பாடங்களை நடத்துவது அமெரிக்காவின் கல்லூரி வாரியம். உலக வரலாற்றுக்கான முதல் ஏபி தேர்வு 2002-இல் நடந்தது. இப்போதைய பாடம் ஏறத்தாழ கி.பி. 1200 முதல் இன்று வரையிலான காலத்தை 9 அலகுகளாகப் பிரிக்கிறது.

முதல் இரண்டு அலகுகள் 1200 முதல் 1450 வரை. சீனாவின் சோங் அரசு, இஸ்லாமிய அரசுகள், தென்னாசியா, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா ஆகியவை முதல் அலகு. பட்டுப்பாதை, மங்கோலியர், இந்தியப் பெருங்கடல் வணிகம், சகாரா பாலைவன வணிகம் ஆகியவை இரண்டாவது.

மூன்றும் நான்கும் 1450 முதல் 1750 வரை. ஒட்டோமான், சஃபாவிய, மொகலாய, மஞ்சு அரசுகள் ஒருபக்கம். கடல் கடந்த ஐரோப்பியர், அட்லாண்டிக் அடிமை வணிகம், கண்டங்களுக்கிடையே பயிரும் நோயும் இடம்மாறிய கதை மறுபக்கம்.

ஐந்தும் ஆறும் 1750 முதல் 1900 வரை. புரட்சிகள், தொழில்மயம், காலனியாதிக்கம், இடப்பெயர்வு. ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவை 1900-க்குப் பிந்தியவை: உலகப் போர்கள், பனிப்போரும் காலனிய விடுதலையும், உலகமயம்.

தேர்வில் எல்லா அலகுகளுக்கும் ஒரே எடை இல்லை. 3 முதல் 6 வரையிலான நான்கு அலகுகள் ஒவ்வொன்றும் 12 முதல் 15 விழுக்காடு. மற்ற ஐந்தும் தலா 8 முதல் 10 விழுக்காடு. விடுமுறையில் நேரம் குறைவாக இருந்தால் நடுப்பகுதியில் கூடுதலாக உழைப்பதே கணக்குப்படி சரி.

ஏன் 1200-இல் தொடங்குகிறது?

தொடக்கத்தில் இந்தப் பாடம் கற்காலத்திலிருந்தே தொடங்கியது. பத்தாயிரம் ஆண்டுக் கதையை ஒரே பள்ளி ஆண்டில் நடத்த முடியவில்லை என்று ஆசிரியர்கள் குறைபட்டனர். 2018-இல் வாரியம் தொடக்க ஆண்டை 1450-க்குத் தள்ளப்போவதாக அறிவித்தது. உடனே ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தனர்.

அவர்கள் வாதம் எளியது. 1450-இல் திரை விலகினால் மேடையில் முதலில் தெரிவது ஐரோப்பியக் கப்பல்தான். அதற்கு முன்பே ஆப்பிரிக்காவும் ஆசியாவும் செழித்திருந்தன, பெருங்கடல் வணிகம் நடந்தது என்பது மாணவன் கண்ணுக்குப் படாமலே போய்விடும். அதே ஆண்டு வாரியம் இறங்கிவந்து 1200 என்று திருத்தியது. 2019-20 பள்ளி ஆண்டு முதல் அதுவே நடைமுறை.

கதையை எங்கே தொடங்குகிறோம் என்பதே கதையின் நாயகன் யார் என்பதை முடிவு செய்கிறது. ஒரு மாணவர் இந்தப் பாடத்தில் கற்கவேண்டிய முதல் பாடம் இதுதான்.

தேர்வு எப்படி இருக்கும்?

மொத்தம் 3 மணி 15 நிமிடம். நான்கு பகுதிகள்.

- பல்தேர்வுக் கேள்விகள் 55, நேரம் 55 நிமிடம், எடை 40 விழுக்காடு. பெரும்பாலும் ஒரு பத்தி, படம், வரைபடம் அல்லது அட்டவணையைக் கொடுத்து, அதையொட்டி மூன்று நான்கு கேள்விகள் வரும்.
- குறுவிடைக் கேள்விகள் 3, நேரம் 40 நிமிடம், எடை 20 விழுக்காடு. இங்கே கட்டுரை தேவையில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் போதும்.
- ஆவணக் கட்டுரை 1, நேரம் 60 நிமிடம், எடை 25 விழுக்காடு. 7 ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு வாதத்தை நிறுவச் சொல்வார்கள்.
- நீள் கட்டுரை 1, நேரம் 40 நிமிடம், எடை 15 விழுக்காடு. மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முடிவு 1 முதல் 5 வரையிலான எண்ணாக வரும். 3 என்பது தகுதி. எந்த எண்ணுக்கு எத்தனை பாட மதிப்பு என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் அகப்பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

2025 முதல் இந்தத் தேர்வு முழுவதும் கணினியில் நடக்கிறது. கட்டுரையும் தட்டச்சில்தான். விரைவாகத் தட்டச்சு செய்ய வராத மாணவருக்கு, விடுமுறையில் தினம் 15 நிமிடத் தட்டச்சுப் பயிற்சி வரலாற்று நூலுக்கு நிகரான பயன் தரும்.

பத்து வாரத் திட்டம்

விடுமுறையில் பாடநூலை முழுதும் முடித்துவிடவேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். ஆயிரம் பக்க நூலை ஜூனில் திறப்பவர்களில் பலர் மங்கோலியரோடு நின்றுவிடுவார்கள். பள்ளி திறந்தபின் ஆசிரியர் எப்படியும் அதை நடத்துவார். பள்ளி செய்ய நேரமில்லாததை விடுமுறையில் செய்வதே புத்திசாலித்தனம்.

*முதல் இரண்டு வாரம்: வரைபடமும் காலக்கோடும்.* வெறும் கோடுகள் மட்டும் உள்ள உலக வரைபடத்தை அச்செடுத்து, கடல்கள், நீரிணைகள், பெரிய ஆறுகள், துறைமுகங்களைக் குறிக்கலாம். மலாக்கா நீரிணை, ஓர்முஸ், கில்வா, காலிகட், குவாங்சோ, வெனிஸ், திம்புக்து ஆகிய பெயர்களுக்கு இடம் தெரிந்தாலே முதல் இரண்டு அலகுகள் பாதி புரிந்துவிடும். ஆண்டுகளில் ஒரு முப்பது போதும். 1258 பாக்தாத் வீழ்ச்சி, 1453 கான்ஸ்டான்டினோபிள் வீழ்ச்சி, 1492 கொலம்பஸ், 1511 மலாக்கா வீழ்ச்சி, 1789 பிரெஞ்சுப் புரட்சி, 1914 முதல் உலகப் போர், 1947 இந்திய விடுதலை. ஆண்டுகள் கொக்கி போன்றவை. மற்றவற்றை மாட்டிவைக்கத்தான் அவை.

*மூன்று முதல் ஐந்தாம் வாரம்: ஒரே ஒரு நல்ல நூல்.* பாடநூலுக்கு வெளியே ஒரு நூலை முழுதாகப் படிப்பது, ஐந்து நூல்களைப் பாதியில் விடுவதைவிட மேல். எதைப் படிக்கலாம் என்பது கீழே.

*ஆறு, ஏழாம் வாரம்: ஆவணம் வாசித்தல்.* ஒவ்வோர் ஆவணத்தையும் நான்கு கேள்விகளால் துளைக்கவேண்டும். இது எந்தச் சூழலில் எழுதப்பட்டது? யாருக்காக? என்ன நோக்கத்தில்? எழுதியவர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார்? தோட்ட நிர்வாகி இலண்டனில் உள்ள பங்குதாரர்களுக்கு எழுதும் அறிக்கையில், தொழிலாளர் நலமாக இருப்பதாகத்தான் இருக்கும். அதனால் அந்த அறிக்கை பயனற்றதாகிவிடாது. பங்குதாரர் எதைக் கேட்க விரும்பினர் என்பதற்கு அதுவே சான்று.

*எட்டு, ஒன்பதாம் வாரம்: எழுதிப் பார்த்தல்.* பழைய ஆண்டுகளின் கட்டுரைக் கேள்விகளும், புள்ளி வழங்கும் வழிகாட்டிகளும், மாணவர் எழுதிய மாதிரி விடைகளும் வாரியத்தின் அகப்பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக் கட்டுரை எழுதத் தேவையில்லை. மையக் கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பழகினாலே போதும்.

*பத்தாம் வாரம்: ஓய்வு.* புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்வரலாம்.

மையக் கருத்து: ஓர் எடுத்துக்காட்டு

"1750 முதல் 1900 வரை தொழில்மயம் மக்களின் இடப்பெயர்வை எந்த அளவுக்கு மாற்றியது?" என்று ஒரு கேள்வி வருவதாகக் கொள்வோம்.

"தொழில்மயம் இடப்பெயர்வைப் பல வழிகளில் மாற்றியது" என்று தொடங்கினால் புள்ளி கிடைக்காது. கேள்வியையே திருப்பிச் சொல்வதுதான் அது.

"நீராவிக் கப்பலும் தோட்டப் பயிர்களுக்கான தேவையும் இடப்பெயர்வை முன்பு காணாத அளவுக்குப் பெருக்கின. ஆனால் சென்றவர்களைக் கடனும் ஒப்பந்தமும் கட்டிப்போட்டதால், அடிமை முறையின் சில கூறுகள் புதிய பெயரில் தொடர்ந்தன." இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, மாறியது எது, மாறாதது எது என்பதும் இருக்கிறது. அடுத்து வரும் பத்திகள் என்ன சொல்லவேண்டும் என்பதையும் இதுவே காட்டிவிடுகிறது.

ஆவணக் கட்டுரைக்கு மொத்தம் 7 புள்ளி. மையக் கருத்துக்கு ஒன்று, பின்புலம் சொல்வதற்கு ஒன்று, சான்றுகளுக்கு மூன்று, பகுப்பாய்வுக்கு இரண்டு. சான்றுக்கான மூன்றில் ஒன்று, கொடுக்கப்பட்ட ஆவணங்களில் இல்லாத ஒரு செய்தியைச் சரியாகச் சேர்ப்பதற்கு. விடுமுறை வாசிப்பு நேரடியாகப் புள்ளியாக மாறும் இடம் இது.

நம் கதை எங்கே வருகிறது?

இரண்டாம் அலகில் இந்தியப் பெருங்கடல் வணிகம் வருகிறது. பருவக்காற்றை நம்பிக் கப்பல் ஓட்டிய வணிகர்கள், காற்று திசைமாறும்வரை அயல் துறைமுகங்களில் மாதக்கணக்கில் தங்கினர். அப்படித் தங்கிய இடங்களில் குடியிருப்புகளும் கோயில்களும் எழுந்தன. சீனாவின் குவான்சோ நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சீனத் தளபதி செங் ஹோ இலங்கையின் காலியில் நிறுவிய, 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகிறது. அன்றைய கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தைச் சொல்ல இந்த ஒரு கல் போதும். மலாக்காச் செட்டிகள் இதே வணிகத்தின் வழித்தோன்றல்கள்.

இராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025-இல் நடந்தது. பாடத்தின் எல்லைக்கு முந்தியது என்பதால் அதிலிருந்து நேரடிக் கேள்வி வராது. பின்புலம் எழுதும்போது ஒரு வரியில் சேர்க்கலாம்.

ஆறாம் அலகுதான் நமக்கு நெருக்கமானது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவை. 1834 முதல் மொரிசியசுக்கும், 1845 முதல் டிரினிடாட்டுக்கும், 1860 முதல் நட்டாலுக்கும், 1879 முதல் ஃபிஜிக்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். மலாயாவில் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு அடுத்து ரப்பர் வந்தது.

ரப்பரின் பயணமே ஓர் உலக வரலாறு. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 முதல் சிங்கப்பூர்ப் பூமலைக்குப் பொறுப்பாக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டிகள் பெருகியபோது ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. கங்காணிகள் தங்கள் சொந்த ஊர்களுக்கே போய் ஆள் திரட்டினர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறை அதற்குப் பிறகும் நீடித்தது. 1938-இல் இந்திய அரசு உதவியோடு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது.

பாடத்திட்டம் ரப்பருக்கு அமேசானையும் காங்கோவையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இந்தியர் குடியேறிய இடங்களில் தென்கிழக்காசியாவையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அமேசான், காங்கோ, மலாயா மூன்றையும் ஒப்பிட்டு எழுதத் தெரிந்த மாணவரின் விடை, ஆயிரம் விடைத்தாள்களில் தனித்துத் தெரியும்.

ஏழாம் அலகில் இரண்டாம் உலகப் போர். 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுசென்றனர். ஆங்கில நூல்களும் திரைப்படங்களும் போர்க் கைதிகளைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. எட்டாம் அலகில் 1955 பண்டுங் மாநாடு, 1957 மலாயா விடுதலை.

வீட்டிலேயே இருக்கும் ஆவணங்கள்

ஆவணம் வாசிக்கப் பழகுவதற்கு அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. பழைய அடையாள அட்டை, சிவப்பு அட்டை, பிறப்புப் பத்திரம், தோட்டச் சம்பளச் சீட்டு, ஊருக்கு எழுதிய கடிதம், கல்யாணப் புகைப்படம் ஆகிய எல்லாமே முதல்நிலைச் சான்றுகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்டபோது இப்படிப்பட்ட காகிதங்கள் பலவும் போய்விட்டன. இருப்பதையாவது படமெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதிவைக்கலாம்.

தாத்தா பாட்டியிடம் பேசி ஒலிப்பதிவு செய்வது இன்னும் நல்லது. "பழைய கதை சொல்லுங்க" என்று கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார்கள். "விடியற்காலை பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க? பால் எங்க நிறுத்தாங்க? ஆயக்கொட்டகையில யார் பிள்ளைகளப் பாத்துக்கிட்டாங்க?" என்று துல்லியமாகக் கேட்டால் நினைவு ஊறிவரும். பிறகு அதே நான்கு கேள்விகளை அந்தப் பேச்சுக்கும் போடவேண்டும். தாத்தா சொல்வதாலேயே எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்றில்லை. அறிக்கையில் இல்லை என்பதாலேயே அது பொய்யாகிவிடவும் செய்யாது.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை இணையத்தில் வைத்துள்ளது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேடலாம். பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம், மலாக்காச் செட்டி கிராமம், சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் ஆகிய மூன்றும் ஒருநாள் பயணத்துக்கு ஏற்றவை.

எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம்?

- *ராபர்ட் ஸ்ட்ரேயரின் 'வேஸ் ஆஃப் தி வேர்ல்டு':* பல பள்ளிகளில் பாடநூல். பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் போதும்.
- *டாம் ஸ்டாண்டேஜின் 'ஆறு கோப்பைகளில் உலக வரலாறு':* பீர், திராட்சை மது, வடிமது, காப்பி, தேநீர், கோலா ஆகிய ஆறு பானங்கள் வழியாக வரலாற்றைச் சொல்லும் ஆங்கில நூல். விடுமுறை வாசிப்புக்குப் பள்ளிகள் அடிக்கடி பரிந்துரைப்பது.
- *ஜவஹர்லால் நேருவின் 'உலக சரித்திரம்':* 1930-களின் தொடக்கத்தில் சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள். தமிழிலும் உண்டு. தகவல்கள் பழையவை. ஆனால் ஆசியாவிலிருந்து உலகைப் பார்க்கும் பார்வை இன்றும் பயனுள்ளது.
- *அமிதவ் கோஷின் 'சீ ஆஃப் பாப்பிஸ்':* அபினி வணிகம், மொரிசியசுக்குப் போகும் ஒப்பந்தக் கூலிகள் பற்றிய நாவல். ஆறாம் அலகுக்கு உயிர் கொடுக்கும்.
- *அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்':* இரண்டும் நாவல்கள். தேர்வுச் சான்றாக மேற்கோள் காட்டுவதற்கல்ல, அந்தக் காலத்தை உணர்வதற்கு.

காணொளிகளில் ஜான் கிரீனின் 'கிராஷ் கோர்ஸ்' உலக வரலாற்றுத் தொடரும், ஏபி பாடத்தை அலகு அலகாக விளக்கும் 'ஹைம்லர்ஸ் ஹிஸ்டரி'யும் பிரபலம். இரண்டையும் யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலம் வேகமாக இருந்தால் எழுத்துவரியைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காணொளி முடிந்ததும் மூன்று வரி எழுதாமல் அடுத்ததைத் திறக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் பார்த்தது நிற்கும்.

பெற்றோர் கவனத்திற்கு

ஏபி தேர்வை எழுத அந்த வகுப்பில் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தாமாகப் படித்தும் எழுதலாம். ஆனால் தேர்வை நடத்தும் பள்ளி ஒன்று இடம்தர ஒப்புக்கொள்ளவேண்டும். மே மாதத் தேர்வுக்கு முந்திய ஆண்டின் இறுதிக்குள்ளேயே பதிவு முடிந்துவிடும் என்பதால், விடுமுறை முடிந்த கையோடு விசாரிப்பது நல்லது. கட்டணமும் அப்போதே தெரிந்துவிடும்.

விடுமுறைக்கென்று விலை உயர்ந்த பிரத்தியேக வகுப்பு கட்டாயமில்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி இலவசம், அல்லது நூலகத்தில் கிடைப்பது. பெற்றோர் வரலாறு படித்திருக்கவேண்டியதும் இல்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் "இன்னிக்கு என்ன படிச்ச? அது ஏன் நடந்துச்சு?" என்று கேட்டால் போதும். 'ஏன்' என்பதற்குப் பிள்ளை தமிழில் பதில் சொல்ல முடிந்தால், தேர்வில் ஆங்கிலத்தில் எழுதவும் முடியும்.

எஸ்பிஎம் சான்றிதழுக்கு 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். அந்தக் கட்டாயத்தாலேயே வரலாறு என்றால் மனப்பாடம் என்ற எண்ணம் பல வீடுகளில் வேரூன்றிவிட்டது. மேற்படிப்பில் வரலாறு எடுக்கும் பிள்ளைக்கு விடுமுறையில் முதலில் களையவேண்டியது அந்த எண்ணத்தைத்தான். பாட்டியின் கடவுச்சீட்டு எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் என்று தேடத் தொடங்கும் பிள்ளை, ஆறாம் அலகைப் பாதி படித்துவிட்டது என்றே கொள்ளலாம்.